அரைக்காதனின் கொம்பு

"தாயே, அது எனக்குக் கிடைக்கவே மாட்டேங்குது."

வந்ததும் வராததுமாக அணைஞ்சபெருமாள் சொன்னது இதுதான். துப்பாக்கியைப் பாறையில் சாய்த்து வைத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

ஊற்றில் கீரை அலசிக்கொண்டிருந்த குழல்மொழியம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"எது அண்ணாச்சி?"

"அரைக்காதன்."

ஜமீன் காலத்தில் ஆனைப்பொத்தை மலையடிவாரத்தில் அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் கிடையாது. அது ஒரு மிளா. மற்ற ஊர்க்காரர்கள் கடமான் என்பார்கள். இடது காதில் பாதி இல்லாததால் அந்தப் பெயர் வந்தது. ஆனால் அதை ஒருமுறை பார்த்தவர்கள் காதைப் பற்றிப் பேச மாட்டார்கள். கொம்பைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அணைஞ்சபெருமாள் அந்த மலையின் பேர்போன வேட்டைக்காரர். குறி வைத்தால் தப்பாது. அவர் வீட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கக் கொம்புகள். நடுவில் மட்டும் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். விருந்துக்கு வந்தவர்கள் கொம்புகளை விட்டுவிட்டு அந்தக் காலி இடத்தைத்தான் பார்த்தார்கள். அவர் மனைவிக்கு அதில் தாங்க முடியாத எரிச்சல்.

அம்மை மலைக்காட்டில் தனியாக இருந்த துறவி. வயதில் அணைஞ்சபெருமாளின் மூத்த மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். ஒருநாள் தண்ணீர் குடிக்க அந்த ஊற்றுக்கு வந்த வேட்டைக்காரர், அம்மை சிரித்த சிரிப்பைக் கேட்டுவிட்டு, மறுநாளும் வந்தார். அப்புறம் வந்துகொண்டே இருந்தார். சீடனாகச் சேர்த்துக்கொள்ளக் கேட்டபோது, துப்பாக்கியைக் கீழே போடச் சொல்வார் என்று பயந்தார். அம்மை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

"மலையில வேற மிளாவே இல்லையா?" என்று அம்மை கேட்டார்.

அதற்கு அவர் சொன்ன பதில் கீரை அலசி முடியும்வரை நீண்டது.

மிளா எத்தனையோ இருக்கலாம், அது பெரிதில்லை என்றார். குட்டியிலேயே செந்நாய் கொண்டுபோவது பாதி. ஓடை வெள்ளத்தில் போவது சில. கொம்பு முளைத்ததும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சாவது சில. மிச்சத்துக்குப் புலி இருக்கிறது, கண்ணி இருக்கிறது, தன்னைப் போல ஆட்கள் இருக்கிறார்கள். கொம்போ வருசா வருசம் விழுந்து, வருசா வருசம் புதிதாக முளைப்பது. அது விரிந்து, தடித்து, கிளை நீண்டு ஒரு முழு வடிவத்துக்கு வர அந்த உயிர் அத்தனை ஆபத்தையும் திரும்பத் திரும்பத் தாண்டி வர வேண்டும். ஒரு வேட்டைக்காரன் தன் ஆயுசில் அப்படி ஒன்றைப் பார்த்தாலே பாக்கியம்.

"எதிர்ச்சரிவுல பார்த்தேன் தாயே. பட்டமரம் ஒண்ணு நடந்து போற மாதிரி இருந்தது. அதுக்கப்புறம் எதைச் சுட்டாலும் மனசு நிறையலை."

அம்மை கதை கேட்கும் குழந்தையைப் போலக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ அதை வளர்த்தது யாரு?"

அணைஞ்சபெருமாளுக்குப் புரியவில்லை. காட்டு மிளாவை யார் வளர்ப்பார்கள்? அது தானாக வளர்ந்தது என்றார்.

"இவ்வளவு ஆபத்துக்கு நடுவுல தானா வளருமா? விசாரிச்சுக்கிட்டு வாங்க. வந்தா உங்க துப்பாக்கிக்கு நானே திருநீறு பூசி அனுப்புறேன்."

அம்மை திருநீறு பூசினால் அந்த வேட்டை தப்பாது என்று அவருக்குத் தோன்றியது. மழை பிடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். அன்றைக்கே கிளம்பினார்.

முதலில் ஆடு மேய்க்கும் பிச்சம்மாளைப் பார்த்தார். அரைக்காதன் என்று பெயரைச் சொன்னதுமே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

அந்தக் காதைக் கடித்தது அவளுடைய நாய்தானாம். மிளா அப்போது கன்று. குட்டையில் மாட்டிக்கொண்டு நின்றது. அவள் நாயை அடித்து விரட்டி, தண்ணீரில் இறங்கி, கன்றைத் தூக்கி வந்து மஞ்சளை அரைத்துக் காதில் அப்பினாள். கறியாக்கச் சொன்ன புருசனோடு அன்று முழுக்கச் சண்டை.

"அது கண்ணு முழிச்சுப் பார்த்துச்சு ஐயா. எனக்குச் சோறே இறங்கலை."

அவள் மேல்காட்டு மலைக்குடியான காணிக்காரர் மாத்தனைக் கேட்கச் சொன்னாள். மாத்தன் தேன் எடுப்பவர். ஒருகாலத்தில் கண்ணியும் வைத்தார். அவர் கண்ணியில் ஒருநாள் காலையில் அரைக்காதன் கழுத்து சிக்கிக் கிடந்தது. அப்போதுதான் கிளைவிடாத முதல் கொம்பு முளைத்திருந்தது. மாத்தன் கத்தியோடு கிட்டே போகும்போது, குடிசைப் பக்கமிருந்து யாரோ கூப்பிட்டுப் பெண்குழந்தை பிறந்திருக்கிறது என்றார்கள். எத்தனையோ வருசம் கழித்துப் பிறந்த குழந்தை. கையில் இருந்த கத்தியால் மாத்தன் கண்ணிக் கயிற்றை அறுத்துவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினார்.

"எதுக்கு அறுத்தேன்னு இன்னைக்கும் தெரியலை" என்று சொல்லிவிட்டு, அணைஞ்சபெருமாளுக்கு ஒரு சிரட்டை நிறையத் தேன் ஊற்றிக் கொடுத்தார்.

ஏலக்காய்த் தோட்டத்துக் காவல்காரர் ஞானாபரணத்தின் கதை வேறு. கிறிஸ்துமஸ் அன்று குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்பியவர். ஓடையைத் தாண்டும்போது கைக்கெட்டும் தூரத்தில் மிளா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. தோளில் துப்பாக்கி இருந்தது. உடம்பில் புது வேட்டி, புதுச் சட்டை. சுட்டால் தூக்க வேண்டும், தூக்கினால் ரத்தம் படும், பட்டால் மனைவி அன்றைக்குக் கோயிலிலேயே வைத்து ஏசுவாள்.

"அவளும் ஏசப்போற மாதிரித்தான் பார்த்தா. நானும் பாட்டுப் பாடிக்கிட்டே போயிட்டேன்."

அணைஞ்சபெருமாள் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. பக்கத்தில் நின்ற ஞானாபரணத்தின் மனைவி, இவர்தான் துப்பாக்கியில் மருந்து போட மறந்துவிட்டார், இப்போது பழியைத் தன் மேல் போடுகிறார் என்றாள். அதற்கும் சிரித்தார்.

போகப் போக ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். குறி வைத்தபோது தும்மியவர் ஒருவர். வறட்சியில் தோட்டத்து வேலியைத் திறந்து வைத்து, பயிரைத் தின்னவிட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர். விறகு கட்டிக்கொண்டிருந்தபோது செந்நாய்க் கூட்டம் அதைச் சுற்றி வளைத்ததைப் பார்த்துக் கூச்சல் போட்டு விரட்டிய பெண்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பிள்ளை பெரிய உத்தியோகத்துக்குப் போய்விட்ட மாதிரி அதைப் பற்றிப் பேசினார்.

கடைசியில் ஒரே ஆள் பாக்கி. அடுத்த ஊர் வீரபுத்திரன்.

அவரும் பெரிய வேட்டைக்காரர். ஒரு பன்றி யார் குண்டில் விழுந்தது என்ற தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் வருசங்கள் ஆகின்றன. அணைஞ்சபெருமாள் அவர் வீட்டு வாசலில் போய் நின்று செருமினார். உள்ளே இருந்து வந்தவர் ஆளைப் பார்த்ததும் திகைத்துப்போனார். பிறகு பாயை விரித்தார்.

அரைக்காதனை எப்போதாவது குறி வைத்ததுண்டா என்று அணைஞ்சபெருமாள் கேட்டார்.

வீரபுத்திரன் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"வச்சேன். மிளா உப்பு நக்க வர்ற உப்புச்சேத்துக்கிட்ட, கண்ணுக்கு நேரா நின்னுச்சு. கொம்பு அப்பத்தான் நல்லா விரிய ஆரம்பிச்சிருந்தது. இன்னும் ஒரு வருசம் விட்டா எப்படி இருக்கும்னு பார்க்க ஆசையாப் போச்சு."

"அடுத்த வருசம்?"

"அடுத்த வருசமும் அதே ஆசைதான்."

அணைஞ்சபெருமாள் அவரைப் பார்த்தார். அவரும் பார்த்தார். யார் முதலில் சிரித்தார்கள் என்று பிறகு இருவருக்குமே ஞாபகமில்லை. அன்று மத்தியானம் ஒரே இலைக்கு முன்னால் உட்காராத குறையாகச் சாப்பிட்டார்கள். பன்றிப் பேச்சு வந்தபோது, உன் குண்டுதான் என்று இவர் சொல்ல, இல்லை உன் குண்டுதான் என்று அவர் சொல்ல, மறுபடியும் தகராறு வரப் பார்த்தது.

அணைஞ்சபெருமாள் ஊற்றுக்குத் திரும்பி வந்தார்.

"விசாரிச்சீங்களா அண்ணாச்சி?"

"விசாரிச்சேன் தாயே. ஆனா யாருன்னு சொல்ல முடியலை. ஒருத்தர் பேரைச் சொன்னா இன்னொருத்தர் விட்டுப்போகுது."

அம்மை தலையாட்டினார். இனிமேல் சுட வேண்டாம் என்று சொல்வார் என அணைஞ்சபெருமாள் எதிர்பார்த்தார். அம்மை எழுந்து போய்த் திருநீற்றை எடுத்து வந்து துப்பாக்கிக் குழலில் பூசினார்.

"போய்ட்டு வாங்க. சொன்ன வாக்கு வாக்குதான்."

மறுநாள் விடியும்போது அவர் உப்புச்சேற்றுக்கு எதிரே புதருக்குள் இருந்தார். காற்று அவர் முகத்தில் அடித்தது. அவர் வாடை மிளாவுக்குப் போகாது. வேட்டைக்கு இதைவிட நல்ல காலை அமையாது.

முதலில் மூங்கில் அசைந்தது. பிறகு கொம்பு வந்தது. கொம்புக்குப் பின்னால் அரைக்காதன் வந்தது.

இவ்வளவு கிட்டத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை. பனித்துளி கிளைக்குக் கிளை தொங்கியது. தலையைத் தாழ்த்தி உப்பு நக்கியது. அவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறி பார்த்தார். விசையில் விரல் கச்சிதமாக உட்கார்ந்தது.

குறிக்கு நேராகக் கழுத்து தெரிந்தது. கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத மெல்லிய கோடு. அதற்கு மேலே ஆறிப்போன காது.

பிச்சம்மாளும் மாத்தனும் அவருக்குப் பக்கத்தில் வந்து நிற்பது போல இருந்தது. இருமல் வருகிறதோ என்று பயந்து மூச்சை அடக்கினார். வந்தது சிரிப்பு.

பெரிய சிரிப்பு. காட்டில் எங்கோ குரங்குகள் பதில் குரல் கொடுத்தன.

அரைக்காதன் தலையைத் தூக்கியது. அவர் எழுந்து நின்றுவிட்டார். அது ஓடவில்லை. நின்று அவரை மேலும் கீழும் பார்த்தது. பிறகு திரும்பி, சொந்த வீட்டுக்குள் போவது போல நிதானமாக மூங்கிலுக்குள் நடந்தது.

"நல்லா இருடே" என்றார் அணைஞ்சபெருமாள்.

அவர் சரிவில் இறங்கி ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது. முள் கிழித்தது, தலைப்பாகை எங்கோ விழுந்தது. ஊற்றங்கரைக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை, முகம் மட்டும் மின்னியது.

அம்மை குடத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சுட்டீர்களா என்று கேட்கவில்லை.

"கொம்பு எவ்வளவு பெரிசு அண்ணாச்சி?"

அணைஞ்சபெருமாள் இரண்டு கைகளையும் விரித்தார். போதவில்லை. தோளைப் பின்னுக்கு இழுத்து, நெஞ்சை முன்னால் தள்ளி, விரல் நுனி நடுங்க இன்னும் விரித்தார். அப்போதும் போதவில்லை.

அம்மை அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கைவிரல்களைப் பிடித்துக்கொண்டு, தன் மறு கையை முடிந்த மட்டும் நீட்டினார்.

"இவ்வளவா?"

"இன்னும் கொஞ்சம், தாயே."