குமுதவல்லி ராணியின் முகம்

முன்னொரு காலத்தில் நெடுவயல் நாட்டைச் செண்டலங்காரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனை நாடு கடத்துவான், மாலையில் ஆள் அனுப்பி அவனையே திரும்பக் கூப்பிடுவான். அப்பேர்ப்பட்ட கோபக்காரனை ஒரே பார்வையில் உட்காரவைக்கத் தெரிந்தவள் குமுதவல்லி ராணி ஒருத்திதான். அவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாட்டில் மாசி மாதம் வேஷத் திருநாள் நடக்கும். ஆதியில் அம்மை கண்டபோது, நோய் ஆளைத் தெரியாமல் ஏமாந்து போகட்டும் என்று ஊரே முகத்தை மூடிக்கொண்டதாம். பயம் போய்விட்டது, முகமூடி தங்கிவிட்டது. அன்றைக்குப் புலி முகம் எதிரே வந்தால் புலியோடு பேசவேண்டும், சாமி முகம் வந்தால் சாமியோடு. என்ன பேசினாலும் தண்டனை இல்லை. ஆனால் உள்ளே இருப்பது இன்னார் என்று பெயர் சொல்லிவிட்டால், சொன்னவன் கழுதை முகம் கட்டி ஊர் சுற்றவேண்டும்.

தளவாய் பூவேந்திரனுக்கு இந்தத் திருநாளே ஆகாது. ஒரு வருஷம் எவனோ குரங்கு முகத்தோடு வந்து அவன் நடையைப் போலவே நடந்து காட்ட, ராணி விழுந்து விழுந்து சிரித்துவிட்டாள். முகமூடி செய்கிறவர்கள் மேல் அன்றைக்குப் பிடித்த வன்மம். ராணி போனதும் ராஜாவிடம் நைச்சியமாகச் சொன்னான்: "மகாராஜா, ராணியம்மா முகத்தைச் செய்யச் சொல்லுங்கள். பார்த்தாவது மனம் ஆறும்."

மாசிலான் என்ற தொழிலாளி செய்து கொண்டுவந்தான். பார்த்ததும் ராஜாவின் கண் கலங்கியது. உடனே தளவாய், "மோவாய் கோணலாக இருக்கிறதே, அம்மாவைக் கேலி செய்கிறானோ?" என்று ஒரு சொல்லைப் போட்டான். ராஜாவுக்குச் சந்தேகம் வந்தது. மாசிலான் சிறைக்குப் போனான்.

அவன் மனைவி உலகாயி, சந்தையில் வாய்கொடுத்து எவரும் ஜெயிக்காத பெண்பிள்ளை. புருஷன் போனபின் பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி அளப்பாள். பிறகு பாதியை அள்ளித் திரும்ப அரிசிப் பானைக்குள் போடுவாள். ஒருநாள் அள்ளாமல் அப்படியே விட்டுவிட்டு நேரே சபைக்கு நடந்தாள்.

"மகாராஜா, அதே முகத்தை நான் செஞ்சு தர்றேன்."

"செய். ராணி மாதிரி இல்லையென்றால் நீயும் சிறைக்குள்ளே."

"இருந்தா?"

"உன் புருஷனை விடுகிறேன்."

"அவன் எங்கிட்ட இருந்து எடுத்த ஆளு. எடுத்ததைக் கொடுக்கிறது வெகுமதியா? மேலே என்ன?"

ராஜாவின் உதட்டோரம் எத்தனையோ நாளுக்குப் பிறகு லேசாக அசைந்தது. "கேள்."

"ராணியம்மா கட்டிப் பழசான புடவை ஒண்ணு வேணும். திருநாளன்னிக்கு நான் சொல்ற இடத்துல நீங்க உட்காரணும்."

"ராஜாவுக்கே இடம் காட்டுகிறாயா?" என்றான் தளவாய்.

"உங்களுக்கும் காட்டுவேன், தளவாய் ஐயா. அவசரப்படாதீங்க."

களிமண்ணில் ராணியின் முகத்தைப் பிடித்தாள். புடவையைக் கிழித்துப் புளியங்கொட்டைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டினாள். புதுத் துணி முரண்டு பிடிக்கும். உடம்போடு பழகின துணிதான் முகத்துக்கு வளைந்து கொடுக்கும். காய்ந்ததும் மண்ணிலிருந்து பெயர்த்து, சுண்ணாம்பு பூசித் தேய்த்து, வர்ணம் தீட்டினாள். முகம் படுகிற உட்பக்கத்தில் மட்டும் பசை தொடாத ஒரு துண்டை வைத்துத் தைத்தாள். ராணியின் புடவைப் பெட்டியில் கிடந்த வெட்டிவேர் வாசனை அதில் இன்னும் இருந்தது. மாசிலான் உட்காரும் பலகை எதிரே காலியாகக் கிடந்தது. "மூக்கு சரியா இருக்கா? சொல்லேன், வாயில கொழுக்கட்டையா?" என்று அதை அதட்டுவாள்.

திருநாள் வந்தது. "ராணி முகத்தை நானே கட்டிக்கிட்டு ஊஞ்சல்ல உட்காருவேன். மகாராஜா மாடத்துத் திரைக்குப் பின்னால இருந்து பார்ப்பார்" என்று எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டு, ராஜாவைத் தனியே அழைத்துப் போனாள்.

"இது பார்க்கிறதுக்கு இல்லை மகாராஜா. கட்டிக்கிறதுக்கு."

முகத்தைக் கட்டி, பெரிய போர்வையும் போர்த்தினாள்.

"இறுக்குதா?"

"இல்லை. கொஞ்சம் இரு" என்றான். உள்ளே மூச்சை இழுத்து இழுத்து விடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஊஞ்சலில் ராணி. பக்கத்தில் கரடி முகத்தோடு உலகாயி. ஒவ்வொருவராக வந்தார்கள்.

"தாயே, நீங்க போனதுலேருந்து இலை அப்படியே திரும்பி வருது. உப்புச் சரியாத்தான் போடறேன்" என்று அழுதான் சமையற்காரன்.

"அம்மா, ராஜா யாரை எப்போ துரத்துவாருன்னே தெரியலை. 'போதும், உட்காருங்க'ன்னு சொல்ல ஆளில்லை" என்றான் வாயிற்காவலன்.

முகமூடி தலையசைத்தது. கண் துளைகளுக்குக் கீழே வர்ணம் நனைந்து கரைந்தது.

கடைசியில் தளவாய் வந்தான். ஊஞ்சலருகே குனிந்து, தணிந்த குரலில் சொன்னான்: "உலகாயி, அச்சு அசல்தான். உன் புருஷன் செய்ததும் அச்சு அசல்தான். மோவாயில் குறையே இல்லை. ஆனால் நான் குறை என்று சொன்னால் குறைதான். ராஜாவுக்குத் துக்கம் இருக்கிறவரை என் ராஜ்யம்."

ராஜா மெல்ல முகத்தை அவிழ்த்தான்.

தளவாயின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. "மகாராஜா, வேஷத்தோடு பேசியதற்குத் தண்டனை இல்லை. அது திருநாள் சட்டம்."

"வாஸ்தவம்தான்" என்று கரடி பேசியது. "ராணியோட பேசினா தண்டனை இல்லை. ஐயா பேசினது உலகாயியோட. பேரைச் சொன்னீங்களே, அதுவும் தப்பான பேரை."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. தளவாய் கழுதை முகத்தோடு நான்கு வீதியும் சுற்றினான். மறுநாள் அவன் பதவியும் போயிற்று.

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றி உலகாயிக்குக் கொடுத்தான். மாசிலானை அழைத்து வந்தார்கள். உலகாயி அவனை உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள். பிறகு வாய் திறந்துகொண்டது.

"ஏன்யா, இப்படியா எளைச்சுப் போவே? போட்டதைத் தின்னாம உள்ளே என்ன கிழிச்சே?"

"மெதுவாப் பேசு, ராஜா நிக்கிறாரு."

"நிக்கட்டும். தாடியைப் பாரு, தேங்காய் நாரு மாதிரி."

காவலன் அவளை அடக்க வந்தான். ராஜா கையமர்த்தினான்.

"விடு. அம்மா உலகாயி, இங்கேயே முடித்துவிடாதே. கோட்டை வாசல்வரை திட்டிக்கொண்டே போ. நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்."