ஏழாம் கேள்விக்கு மதிப்பெண்

இந்தக் கதையில் குருவுக்குத் தாடியும் கிடையாது, ஆசிரமமும் கிடையாது. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உளவியல் துறையில் ஒரு மேசையும் சத்தம் போடும் ஒரு மின்விசிறியும்தான் உண்டு. குருவின் பெயர் நூருன்னிஸா, வயது முப்பத்தாறு. சீடர் ஜெசிந்தாவுக்கோ ஐம்பதை எட்டப்போகிறது. நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர். ஆகவே குரு சீடரை அக்கா என்பார், சீடர் குருவை மேடம் என்பார்.

ஜெசிந்தாவின் ஆராய்ச்சி ஒரு வினாத்தாள். பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அளக்க, கடல் கடந்த நாட்டில் யாரோ செய்தது. அதைத் தமிழ்ப் பெண்களுக்குப் பொருந்தும்படி ஆக்க வேண்டும். தமிழில் பெயர்த்தாயிற்று. மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிட்டாயிற்று. அச்சு அசலாகப் பொருந்தியது. இனி மேடம் கையெழுத்துப் போட்டால் மருத்துவமனைகளில் பயன்படுத்தலாம். மதிப்பெண் கூடினால் மனச்சங்கடம் அதிகம், ஆலோசனைக்கு அனுப்பு. குறைந்தால் வீட்டுக்கு அனுப்பு.

அன்று மாலை கோப்போடு வந்த ஜெசிந்தா நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தார். மூன்று வருடக் களைப்பு.

"முடிச்சுட்டேன் மேடம். கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. இனிமே என்னால ஆகாது."

"பெண்கள்கிட்ட கேட்டுப் பார்த்தீங்களே, எல்லாரும் பதில் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ஒருத்தங்க மட்டும் அழுதுட்டாங்க."

"யாரு?"

"அன்னபாக்கியம்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் தவறிட்டார். தனியா இருக்காங்க. ஏழாவது கேள்வியிலதான் ஆரம்பிச்சது."

ஏழாவது கேள்வி இது: நான் குண்டாகிவிட்டேன், மெலிந்துவிட்டேன் என்று மற்றவர்கள் என்னிடம் சொல்கிறார்கள். எப்போதும் என்றால் நான்கு மதிப்பெண். ஒருபோதும் இல்லை என்றால் பூஜ்யம்.

"அவங்க ஒருபோதும் இல்லைன்னாங்க. அதுல கண்ணு கலங்கிருச்சு. நானும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம, உங்களுக்கு ஒரு சங்கடமும் இல்லம்மா, பூஜ்யம்தான் வருதுன்னு சொல்லிட்டேன். தேம்பித் தேம்பி அழுதாங்க."

"ஏதாவது சொன்னாங்களா?"

"‘அவுக போன பொறவு யாரு கேக்கா’ன்னாங்க. மொழிபெயர்ப்புல ஒரு பிழையும் இல்ல மேடம், திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். அந்தம்மா தாளை மட்டும் எடுத்துடலாமா?"

எடுத்துவிட்டால் கணக்கு அழகாக வரும். ஜெசிந்தா கல்நெஞ்சுக்காரர் அல்ல. முகத்தைப் பார்த்தே காய்ச்சலைச் சொல்லிவிடுகிற நர்ஸ் அவர். ஆனால் உடம்பும் மனசும் சலித்துப்போன பிறகு யாருக்குத்தான் கண் சரியாகத் தெரிகிறது?

நூருன்னிஸா கோப்பைத் திறக்கவில்லை. சீடரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னக்கா, இப்படி மெலிஞ்சு போயிட்டீங்க?"

"ஆங்?"

"கழுத்தெலும்பு தெரியுது. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா, இல்லையா?"

"அதெல்லாம் நல்லாத்தான்..."

ஜெசிந்தாவின் கணவர் மஸ்கட்டில், மகள் பெங்களூரில். போனில் பேசுகிற எல்லாரும் ஆராய்ச்சி எப்போது முடியும் என்றுதான் கேட்டார்கள். சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்டதாக நினைவில்லை. கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. தன்னைவிட இளையவள் முன்னால் அழுவது வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மீறி நெஞ்சு நிறைந்தும் இருந்தது.

நூருன்னிஸா அழவிட்டார். பிறகு கோப்பிலிருந்து எழுதாத வினாத்தாள் ஒன்றை உருவி, பேனாவைத் திறந்துகொண்டார்.

"இப்ப நான் சொன்னதுக்கு, ஏழாவது கேள்வியில உங்க மனச்சங்கடம் எத்தனைன்னு போடட்டும் அக்கா?"

ஜெசிந்தா கையெழுத்தாகாத கோப்பைத் திருத்துவதற்காகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.