பேசும் பதுமைக்கு ஒருவரிச் சட்டம்

முன்னொரு காலத்தில் மாறவேள் என்றொரு அரசன் இருந்தான். காலையில் தோன்றிய ஆசை மாலைக்குள் சட்டமாகிவிட வேண்டும் அவனுக்கு. அவன் சபையில் விகடகவி நக்கன். நக்கன் சிரிக்க வைத்தால் அரசன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுப்பான். அமைச்சர் அம்பலத்தரையருக்கு வயிறு எரியும்.

அந்த அம்பலத்தரையர்தான் கடைத்தெருவில் பேசும் செப்புப் பதுமை ஒன்றை நிறுத்தியவர். நாட்டிலுள்ள ஏடுகளையெல்லாம் அதற்கு வாசித்துக் காட்டியிருந்தார்கள். எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லும். ‘தெரியாது’ மட்டும் அதன் வாயில் வராது. அதைச் சொல்லிக் கொடுத்தால் கூட்டம் குறைந்துவிடும் என்று அமைச்சர் விட்டுவிட்டார். அதன் பேச்சை நம்பி ஒரு கிராமமே கடுங்கோடையில் நாற்று நட்டது. அத்தனையும் கருகிப் போனது.

உழவர்கள் வந்து அழுதார்கள். இனிப் பதுமை தப்பாகப் பேசாதபடி சட்டம் வேண்டும் என்றான் அரசன். நக்கனை விட்டால் அறிவாளி யார், மூன்று நாளில் அவரே எழுதட்டும் என்றார் அம்பலத்தரையர். நக்கன் பதுமையைத் தொடக்கூடாது, அதன் வாயை மூடக்கூடாது. சட்டம் வந்தபின் அது ஒரு தப்பு சொன்னாலும் அவனை நாடு கடத்த வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். அரசன் தலையாட்டிவிட்டான். தலையாட்ட என்ன, போகப்போகிறவன் நக்கன்தானே.

நக்கனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி நாச்சி பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். இரண்டு நாளாக எழுதிய ஓலைகளையெல்லாம் முறித்து அடுப்பில் போட்டான். மூன்றாம் நாள் பசி தாங்காமல் அரண்மனை மடைப்பள்ளிக்குப் போனான். அங்கே சமையற்காரர் பூவாண்டி, அரசனுக்குப் போகும் ஒவ்வொரு கறியிலும் முதல் வாயைத் தானே போட்டுக்கொண்டிருந்தார்.

“உப்பு பாக்குறீங்களா?” என்றான் நக்கன்.

“விசமில்லன்னு காட்டுறேன், சாமி. மொத வாய் என்னோடதுன்னு ஆனப்புறம், வாடுன கத்திரிக்காயக்கூட இந்தக் கை எடுக்க மாட்டேங்குது.”

நக்கன் சாப்பிடாமலே ஓடினான்.

சபையில் அவன் நீட்டிய ஓலையில் ஒரே வரி: பதுமை யாருக்கு எதைச் சொன்னாலும், அதன் பொறுப்பாளர் அதை முதலில் தாமே செய்துகாட்ட வேண்டும். பொறுப்பாளர் யார் என்றான் அரசன். பெருமை வேறு யாருக்கும் போய்விடக் கூடாதென்று அம்பலத்தரையர் தாமே என்று முந்திக்கொண்டு ஓலையில் முத்திரை வைத்தார்.

உடனே பதுமையை வரவழைத்து, தனக்கு நான்கு நாளாகப் பல்வலி, என்ன செய்யலாம் என்று அரசன் கேட்டான்.

“முப்பத்திரண்டு பற்களையும் குறடு கொண்டு...” என்று ஆரம்பித்தது பதுமை.

அம்பலத்தரையர் பாய்ந்து அதன் வாயைப் பொத்தினார்.

“மன்னர் பெருமானே, வாயை மூடலாகாது என்ற தடை அடியேனுக்கு மட்டுமே. பொறுப்பாளருக்கு இல்லை,” என்றான் நக்கன்.

அமைச்சர் வியர்க்க வியர்க்கப் பதுமையின் காதில் நெடுநேரம் ஏதோ ஓதினார். பிறகுதான் கையை எடுத்தார்.

“எனக்குத் தெரியாது. வைத்தியரைக் கேளுங்கள்,” என்றது பதுமை.

அரசன் வலித்த கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். முத்துமாலை நக்கன் கழுத்துக்கு வந்தது. வேறென்ன வேண்டும் என்று அரசன் கேட்டதற்கு, நாற்று கருகிய கிராமத்துக்கு அமைச்சரின் களஞ்சியத்திலிருந்து விதைநெல் கேட்டான் நக்கன்; அதுவும் கிடைத்தது.

வீட்டில் நாச்சி மூட்டையை அவிழ்க்கப் போனவள் கையை நிறுத்தினாள்.

“நாளைக்கு ராசாவுக்கு வேற ஆச வராதா?”

நக்கன் மாலையைக் கழற்றி அவள் கையில் வைத்தான்.

“தெரியாது,” என்றான்.