இறக்கத்தில் ஆடிய ஸ்டீரிங்

சத்தியமங்கலத்தில் ஒரு குருவும் சீடரும் இருந்தார்கள். ஆசிரமம் என்று நினைத்துவிட வேண்டாம். கார் ஒர்க் ஷாப். குரு அன்வருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் மகுடபதி அவரைவிட மூத்தவர், தறிப்பட்டறையை மூடிவிட்டுத் தாமதமாகத் தொழில் கற்க வந்தவர். கேள்வி கேட்பதில் மட்டும் அவர் தாமதம் செய்ததே இல்லை.

குரு உதிரிபாகம் வாங்க ஈரோடு போயிருந்த ஒரு நாள், லோகநாதன் என்பவர் தன் எஸ்யூவியைக் கொண்டுவந்தார். மனைவி கலாமணியும் கூட வந்திருந்தார். கலாமணியின் அம்மா திம்பம் மலைக்கு மேலே, தாளவாடிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வாரம் தவறாமல் கலாமணிதான் காரை ஓட்டிக்கொண்டு போய், அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டிவிட்டு வருவார். திரும்பும்போது மலை இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீரிங் கிடுகிடுவென்று ஆடுகிறது என்றார்.

"எனக்கு ஒரு நாளும் ஆடுனதில்லீங்க. இவளுக்குப் பயம். கை நடுங்குது" என்றார் லோகநாதன். அவர் அந்தக் காரை ஊருக்குள் மட்டுமே ஓட்டுகிறவர்.

"என் கை நடுங்கலீங்கண்ணா. ஸ்டீரிங்தான் நடுங்குது."

மகுடபதி காரைக் கடைவீதி வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். வழியெல்லாம் பிரேக் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை. அதை அப்படியே வந்து சொன்னார்.

லோகநாதன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இனிமேல் நீ ஓட்ட வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னார். அப்புறம் அம்மாவை யார் பார்ப்பது என்று கலாமணி கேட்டதற்கு, பஸ்தான் ஓடுகிறதே என்றார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அந்தத் தோட்டத்துக்கு, யானை நடமாடும் பாதையில் நடந்து போக வேண்டும். அது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சொல்கிற ஆளை என்ன செய்வது?

மாலையில் குரு வந்ததும் மகுடபதி நடந்ததைச் சொன்னார்.

"எங்க ஆடுதுன்னு அந்தம்மா சொன்னாங்க?"

"மலை இறங்கறப்பங்க, பாய்."

"நீங்க எங்க ஓட்டிப் பாத்தீங்க?"

"கடைவீதியில."

குரு போனை எடுத்து லோகநாதனைக் கூப்பிட்டார். மலையில் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும், நீங்களே ஓட்டினால் நல்லது என்றார். மனைவி சொன்னது பொய்யென்று தெரிந்துவிடும் என்ற சந்தோஷத்தில் லோகநாதன் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்.

ஏறும்போது கார் ஒழுங்காகத்தான் போனது. இறங்கும்போது, முதல் சில வளைவுகள் தாண்டியதும், லோகநாதன் கையில் ஸ்டீரிங் ஆட ஆரம்பித்தது. அவர் இறுக்கிப் பிடித்தார். அடுத்த வளைவில் இன்னும் மோசமாக ஆடியது. பின் சீட்டில் இருந்த மகுடபதிக்கே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குரு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வளைவு திரும்பியதும் லோகநாதன் சொன்னார். "ஓட்டி ஓட்டிக் கெடுத்து வெச்சிருக்கா, பாருங்க."

மகுடபதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குரு வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அடிவாரத்தில் லோகநாதன் காரை ஓரம் கட்டினார். பின்னாலிருந்து தண்ணீர் கேனை எடுத்து வந்து, நான்கு சக்கரத்திலும் ஊற்றினார். முன் சக்கரங்களிலிருந்து சுர்ரென்று ஆவி கிளம்பியது.

"எதுக்குங்க இது?" என்று குரு கேட்டார்.

"எங்கப்பா லாரி ஓட்டுன காலத்துல இருந்து எங்க வீட்டு வழக்கம். மலை இறங்குனா சக்கரத்தைக் குளிர வெக்கோணும். அவகிட்டயும் கண்டிச்சுச் சொல்லி வெச்சிருக்கேன். அதுல மட்டும் தவற மாட்டா."

ஒர்க் ஷாப்பில் சக்கரங்களைக் கழற்றினார்கள். பிரேக் கவ்வும் இரும்புத் தட்டுகளான முன் டிஸ்க் இரண்டும் கோணியிருந்தன. கையில் பிடித்துப் பார்த்தால் தெரியாது; இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்துச் சூடேறினால்தான் ஸ்டீரிங்கை ஆட்டும். அளவுமானியை வைத்துச் சுற்றியபோது முள் அங்குமிங்கும் ஓடியது. டிஸ்க் உட்காரும் இடத்துத் துருவைக் குரு கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார். புது டிஸ்க், புது பிரேக் பேடு. சக்கர நட்டுகளை எதிரெதிராக, ஒரே அளவு இறுக்கத்தில் முடுக்கினார். மறுபடி மலையில் ஏறி இறங்கியபோது ஸ்டீரிங் அசையாமல் இருந்தது. மகுடபதிக்கு அன்று சோறு இறங்கியது.

கார் எடுக்க லோகநாதனும் கலாமணியும் வந்தார்கள். கொதிக்கிற டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டுப் பட்டுத்தான் கோணிவிட்டது என்று குரு இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். ஓட்டியதில் தப்பே இல்லை என்பதையும் அழுத்திச் சொன்னார்.

லோகநாதன் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டயா? இனிமேல் தண்ணி கிண்ணி ஊத்தாத."

கலாமணி சாவிக்காகக் கையை நீட்டினார்.

"புது டிஸ்க்கு. நானே ஓட்டிக்கறேன்" என்றார் லோகநாதன்.

அப்படியானால் இந்த வாரம் அம்மாவிடம் கூட்டிப் போவீர்களா என்று கலாமணி கேட்டார். வயலில் மஞ்சள் வெட்டு முடியட்டும், பார்க்கலாம் என்று பதில் வந்தது. கலாமணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் சுற்றிப் போய் இடது சீட்டில் உட்கார்ந்தார். கார் குலுங்காமல் போனது.

மகுடபதி வாசலிலேயே நின்றார்.

"அவரு கையிலேயும் ஆடுச்சு, பாய். அந்தம்மா மேல தப்பில்லைன்னு கண்ணுக்கு முன்னால காட்டியாச்சு. காரணத்தையும் சொல்லியாச்சு. அப்புறமும் சாவி அவருகிட்டயே இருக்குது. அப்ப நாம சரி பண்ணுனதுதான் என்னங்க?"

குரு ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"வண்டியை" என்றார்.