பலகையில தொங்கின ஒத்தை வில்லை

ஒரு ஊர்ல ஒரு ரயில் பட்டறை இருந்துச்சாம். வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டடம். வாசல் வளைவு யானை நுழையற உசரம், கூரை ரம்பப் பல்லாட்டம். ம் சொல்லுடி, இல்லாட்டி நான் தூங்கிடுவேன்.

அங்க வாட்ச்மேன் மாசிலாமணி. உள்ள போறவங்க ஆளுக்கொரு பித்தளை வில்லையை வாசல் பலகையில மாட்டணும், வெளிய வர்றப்போ எடுத்துக்கணும். வில்லை தொங்குச்சுன்னா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். அப்போ கேட்டைப் பூட்டக்கூடாது.

ஒருநாள் பட்டறையவே மூடிட்டாங்க. கடைசிச் சங்கு ஊஊஊன்னு ஊதுச்சு. எல்லாரும் வில்லையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. பூட்டிட்டுச் சாவியைக் குடுங்க, நாளைக்கு இடிக்கணும்னு காண்ட்ராக்டர் வெளிய நிக்கிறாரு. முப்பது வருஷம் காவல் காத்த கட்டடமாச்சே, மாசிலாமணிக்கு மனசே கேக்கல. ஆனாலும் பூட்டப் போனாரு. பாத்தா, பலகையில ஒத்தை வில்லை. நம்பர் தேஞ்சு கிடக்கு. யாருது? ஒண்ணும் புடிபடல.

அப்புறம் தேடப் போனாரு. முதல்ல இரும்பு உருக்குற கூடம். "யாரு உள்ள?"ன்னாரு. கூரை "உள்ள... உள்ள..."ன்னுச்சு. ஆளக் காணோம். திரும்பி வந்தா வில்லை காத்துல டிங் டிங்னு ஆடுது.

அப்புறம் பாய்லர் கூடம். பட படன்னு புறா பறந்துச்சு, அவ்ளோதான். கேக்குறியா? ம்.

மூணாவது பெயிண்ட் கூடம். நடந்தா சரக் சரக்னு யாரோ கூடவே வர்ற சத்தம். நின்னா அதுவும் நிக்குது. "யாரு?"ன்னாரு. "யாரு?"ன்னுச்சு. கோவம் வந்துருச்சு.

"நான்தான்யா, மாசிலாமணி."

சொன்னவரு அப்படியே நின்னுட்டாரு. அவரோட வில்லைடி அது! தினம் அடுத்த ஷிப்ட் வாட்ச்மேன்தான் எடுத்து அவர் கையில குடுப்பாரு. அன்னைக்கு ஏது அடுத்த ஷிப்ட்? சிரிக்காத, உனக்கு உன் செருப்பே தெரியறதில்ல.

அப்புறம் வில்லையை எடுக்கக் கை நீட்டினாரு. எடுத்தா பூட்டணும், பூட்டினா இடிப்பாங்க. கையை இழுத்துக்கிட்டு, வெளிய நின்ன காண்ட்ராக்டர்கிட்ட போனாரு.

"உள்ள ஆள் இருக்கு சார். பூட்ட முடியாது."

"யாருய்யா?"

"அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

மறுநாளும் அதையே சொன்னாரு, மறுவாரமும் சொன்னாரு. வந்த ஆபீசருங்க எல்லாம் தேடித் தேடிக் குழம்பி, கடைசியில இடிக்கிறதையே விட்டுட்டாங்க. இப்போ அந்தப் பட்டறையை ஜனங்க டிக்கெட் எடுத்துப் பாக்குறாங்க. மாசிலாமணி காலமாயிட்டாரு. வில்லையை மட்டும் யாரும் எடுக்கல. அப்போ, அவரு இன்னும் உள்ளதான இருக்காரு?

கேட்டு திறந்தே கிடக்கட்டும். கதையைப் பூட்டியாச்சு, நீ கண்ணை மூடு.