கோமாளி சபைக்குப் போன கதை

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கொஞ்சம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஒரு ராஜா இருந்தான். நல்லவன்தான், ஆனால் தூரத்தில் இருந்தான். அவன் நாட்டில் செம்பியூர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் மாசிலான் என்று ஒரு கோமாளி.

செம்பியூர் ஏரிக்கு வரவேண்டிய வாய்க்கால் தண்ணீரை மூன்று பெரியதனக்காரர்கள் தங்கள் தோப்புக்குத் திருப்பிக்கொண்டார்கள். ராஜா சட்டமெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தான். பௌர்ணமிதோறும் மாலையில் சபை கூடும். வயது வந்த யாரும் கை தூக்கலாம். கை அதிகமான பக்கம் தீர்ப்பு. சபைக்குத்தான் யாரும் போவதில்லை.

மாசிலானுக்குப் பக்கத்து ஊர் வடிவு என்றால் உயிர். அவளுக்கும் அப்படித்தான். பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: "தண்ணியில்லாத ஊருக்கு எம்பொண்ணைத் தர மாட்டேன். உங்க ஏரி நிறையட்டும், அப்புறம் வா."

அந்த ஆத்திரத்தில்தான் ஆட ஆரம்பித்தான். பௌர்ணமி மாலையில், சந்தைத் திடலில். அந்தப் பெரியதனக்காரர்களில் ஒருவரைப் போலத் தொந்தி தள்ளி நடப்பான், ஒருவரைப் போல மீசை முறுக்குவான், ஒருவரைப் போலக் கொட்டாவி விடுவான். இளவட்டங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "போட்டான் பாரு ஒரு போடு!" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

முதல் வருஷம் சிரித்தார்கள், ஏரி காய்ந்தது. இரண்டாம் வருஷம் சிரித்தார்கள், ஏரித் தரை வெடித்தது. மூன்றாம் வருஷம் சிரித்தபோது வடிவு சொல்லி அனுப்பினாள்: "இன்னும் எத்தனை நாள்யா காத்திருக்கறது?"

மாசிலான் ஏங்கிப்போனான். ஆட்டம் முடிந்ததும் வெற்று ஏரிக்கரையில் நின்று அவள் ஊர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒருநாள் தொந்திக்காரரே பட்டுத் துண்டோடு வந்துவிட்டார். அடிக்கத்தான் வந்தார் என்று மாசிலான் பின்வாங்கினான். அவரோ துண்டை அவன் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார்.

"நல்லா ஆடுடா. என்னை இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டு. நீ திடல்ல ஆடுற வரைக்கும் சபைப் பக்கம் ஒரு பயலும் எட்டிப் பார்க்க மாட்டான்."

ஐயோ! மூன்று வருஷமாக யாருக்கு ஆடிக்கொடுத்தோம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த பௌர்ணமிக்குத் திடலில் கோமாளியைக் காணோம். "எங்கேய்யா நம்ம ஆளு?" என்று இளவட்டங்கள் தேடிப் போனார்கள். சபையில் வேஷமில்லாமல் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"ஆடுப்பா!"

"இன்னைக்கு ஆட்டமில்லை. உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். பெரியதனக்காரர்களின் முகம் கறுத்தது. சட்டப்படி கேட்டாக வேண்டுமே! "வாய்க்கால் தண்ணீர் தோப்புக்கே. மறுப்பவர் உண்டா?"

மாசிலான் கை தூக்கினான். பிறகு பத்துக் கை. பிறகு கூட்டம் முழுவதும்.

வாய்க்கால் திரும்பியது. ஏரி நிறைய இரண்டு மாதம் ஆயிற்று. நிறைந்த அன்றே மாசிலான் வெற்றிலைத் தட்டோடு ஓடினான். வடிவுக்குக் கல்யாணம் முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது.

மறுவீட்டுக்கு வந்திருந்தவள் வாசலில் அவனைப் பார்த்தாள்.

"தண்ணி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு, வடிவு."

"கை தூக்கினா வந்திருக்குமாமே. முன்னாடியே தூக்கியிருக்கக் கூடாதாய்யா?"

மாசிலான் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தான்.

ஆகையால் பிள்ளைகளே, அநியாயத்தைப் பார்த்துச் சிரித்தால் மட்டும் போதாது, காலத்தோடு சபைக்குப் போய்க் கையும் தூக்க வேண்டும்.