மூணு விசில் வண்டி

என்னைய மாதிரி ஒரு ரிப்பேர்க்காரன் கோபிச்செட்டிபாளையத்துல இன்னொருத்தன் இல்லைங்க. இருந்திருந்தா ஊருல ஒரு குக்கரும் உருப்பட்டிருக்காது. பேரு தனபால். இருவத்திரண்டு வருசமா குக்கர், மிக்ஸி ரிப்பேர் கடை. அந்தத் தைரியத்துல, உள்ள கட்டிலு, அடுப்பு, மேல தள்ளுனா எந்திரிச்சு நிக்கற கூரை எல்லாம் வெச்ச வேன் ஒண்ணைப் பழசுல வாங்கிப் போட்டேன். கூரை வந்து வண்டி மேல உக்கார்ற எடத்துல சுத்தியும் ஒரு ரப்பர் ஓடுமுங்க. அது இத்துப்போயிருந்துச்சு.

மூணு மழைக்கு என் சம்சாரம் சுகந்தி வண்டிக்குள்ளயே குடை புடிச்சுட்டு உக்காந்திருந்தா. நாலாவது மழைக்கு அவ அண்ணன் கந்தவேலு மச்சான் முன்னாடி வெச்சே சொல்லிப்போட்டா. "ரப்பரை மாத்துங்க. அப்புறமும் ஒரு சொட்டு உள்ள விழுந்துச்சுன்னா வண்டிய வித்துப்போடோணும்." மச்சான் பொதுப்பணித்துறையில ஓவர்சியர், ஒழுகற கட்டடமா பாத்துப் பாத்து யாரையும் நம்பாத மனுசன். அடுத்த நாளே நாமக்கல் முட்டை வியாபாரி ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து வண்டியக் காட்டிட்டாரு. எனக்கு அந்த வண்டின்னா உசுருங்க. அதுக்குள்ள முட்டை அட்டையை அடுக்கறதை நெனச்சா சோறே எறங்கலை.

ரப்பரை மாத்துனேன். மாத்திப்போட்டு, எல்லாரையும் ஏத்திட்டு, பண்ணாரியில சாமி கும்புட்டுட்டுத் திம்பம் மலையேறுனேன். பதினாலாவது வளைவுல ரோட்டுக்குக் குறுக்க மரம் விழுந்து கெடக்குது. மத்தியானம் மூணு மணி, ஊத்து ஊத்துன்னு மழை ஊத்துது. முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் போக முடியாது. உள்ள நானு, சுகந்தி, மச்சான், மாமியா. கூரையை எறக்கிட்டா நான் குனிஞ்சுதான் நிக்கோணும். குனிஞ்சு நின்னுட்டு, பின்னால எடது மூலையில, ரப்பரோட ரெண்டு முனையும் சேர்ற எடத்தை மெதுவா தடவிப் பாத்தேன். நாலு வெரக்கடை எடவெளி. சில்லுன்னு தண்ணி.

சோத்துக்கையை அப்படியே அங்க வெச்சு அமுக்கிட்டேன். அமுக்கிட்டு வாயைத் தெறந்தேன்.

"மச்சான், இந்த ரப்பரை மாத்துன கதைய நான் சொல்லவே இல்லையே?"

"சொல்லலைன்னு யாரு அழுதா?" மச்சான் பேப்பரை விரிச்சாரு.

"பழசைப் புடுங்கறதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்குதே! ஒரு முனையப் புடிச்சு இழுத்தேன். வருது, வருது, வந்துட்டே இருக்குது. தெருமுனை வரைக்கும் இழுத்துட்டுப் போயிட்டேன், இன்னொரு முனை கூரையை விடவே இல்ல. மூக்கு அரிச்சுதுன்னு ஒரு கையை எடுத்தேன் பாருங்க, அவ்வளவுதான். உண்டிவில்லுல கல்லு போற கணக்கா என்னைய வண்டிக்கு மேல தூக்கி வீசி, நம்ம பொன்னாத்தா வீட்டுத் தென்னை மரத்து உச்சியில உக்கார வெச்சிருச்சு. சரி, வந்தது வந்துட்டோம்னு ரெண்டு எளநி பறிச்சுட்டு எறங்குனேன்."

மாமியா முறுக்கு தின்னுட்டிருந்தவங்க நிமுந்தாங்க. "அவங்க வீட்டுல இருக்கறது பாக்கு மரமுங்களே மாப்ளே?"

"மேல இருந்து பாத்தா அப்படித் தெரியலீங்க அத்தை."

சுகந்தி மடிக்கு முன்னால முந்தானையத் தட்டி கணக்கா மறைச்சுப் புடிச்சுட்டு, என்னையவே பாத்துட்டிருந்தா. தண்ணி முழங்கையத் தாண்டிச் சட்டைக்குள்ள எறங்கிருச்சு.

"அப்புறம் புது ரப்பரு. இருவத்தாறு அடி வேணும்னாங்க. நான் இருவத்து நாலுதான் வாங்குனேன். குக்கர் ரப்பரு கொஞ்சம் குட்டையா இருந்தாத்தானே இறுக்கிப் புடிக்கும்? இழுத்து இழுத்து ஒட்டிப்போட்டேன்." இந்த ஒண்ணு மட்டும் புளுகு இல்லைங்க. இழுத்து ஒட்டுன ரப்பரு குளிருல சுருங்கி வாயைப் பொளக்கும்னு எந்தக் குக்கரும் எனக்குச் சொல்லித் தரலை.

"இறுக்குன்னா எப்பேர்ப்பட்ட இறுக்கு! காலையில பாத்தா வண்டியே ஒரு சாண் சுருங்கிக் கெடக்குது. நம்பர் பிளேட்டு மடங்கி, கடைசி நம்பர் உள்ள போயிருச்சு. சத்தியமங்கலத்துல போலீஸ்காரரு நிறுத்தி, மீதி நம்பர் எங்கன்னாரு. குளிருக்கு உள்ள போயிருக்குதுங்க சார், வெயிலடிச்சா வெளிய வரும்னேன். மனுசன் ஒரு மணி நேரம் வெயிலுக்குக் காத்துட்டு நின்னாரு."

மச்சான் பேப்பரை மடிச்சு வெச்சாரு. நல்லதோ கெட்டதோ, கூரையைப் பாக்காம என் மூஞ்சியப் பாத்தாருல்ல, அது போதும்னு நெனச்சேன்.

"கதவைச் சாத்துனா காத்து வெளிய போகாது மச்சான். உள்ள சிக்குன கொசு கண்ணாடியில போய் முட்டி, இனிமே ஆரையும் கடிக்க மாட்டேன், கதவைத் தெறந்து விடுங்கண்ணான்னு கும்புடுது. ஹாரன் அடிச்சா சத்தம் உள்ளயே சுத்திட்டுக் கெடக்குது. செவ்வாக்கெழமை அடிச்ச ஹாரன் புதங்கெழமை வரைக்கும் கேட்டுச்சு."

"அப்ப நீங்க எப்படி மூச்சு விட்டீங்க?" மச்சான் கேட்டாரு.

"எங்க விட்டேன்? இழுத்ததோட சரி."

சுகந்தி ஜன்னலைத் தள்ளி, கையை வெளிய நீட்டி மழையைப் பாத்துட்டு மூடுனா. ரெண்டாவது தடவை அப்படிப் பண்றா. எனக்கு அழுகை வந்திருச்சு. அவளுக்கு வண்டியில இருக்கப் புடிக்கலை போலன்னு தோணுச்சு. தண்ணி இடுப்பைத் தாண்டி, பேண்டுக்குள்ள போயி, வலது செருப்புல குளம் கட்டுது. வாய் மட்டும் நிக்கலைங்க.

"இந்த மலையிலதான் வினையே. போன வெள்ளிக்கெழமை தனியா ஓட்டிப் பாக்க வந்தேன். டீக்கு ஆசைப்பட்டு அடுப்பைப் பத்த வெச்சேன். ஆவி எங்க போகும்? மூணாவது வளைவுல முதல் விசிலு. ரோட்டுல நின்ன அஞ்சு யானையும் ஓரமா ஒதுங்கி வரிசை கட்டி நிக்குது. ஒம்பதாவது வளைவுல ரெண்டாவது விசிலு. டயரு தரையை விட்டுருச்சு! இஞ்சினை அணைச்சுப்போட்டேன். வளைவெல்லாம் கீழ போகுது, நான் நேரா மேல போறேன். பஸ்ஸுக்காரரு அண்ணாந்து பாத்துக் கும்புடு போட்டாரு."

"இருங்க மாப்ளே." மச்சான் ஓவர்சியர் கணக்கா வெரலைத் தூக்குனாரு. "ஓட்டையே இல்லைங்கறீங்க. விசிலு எது வழியா வந்துச்சு?"

"என் காது வழியாத்தான்! வேற எங்க தெறந்திருக்குது?"

"கையை ஏன் மேல தூக்கிட்டு நிக்கறீங்க?"

"அன்னையில இருந்து பழக்கமாயிருச்சு மச்சான். கூரை கெளம்பிறக் கூடாதுல்ல?"

மூணாவது விசிலு அடிக்கறதுக்குள்ள மாமியா பையைத் தொறந்தாங்க. "பேச்சுல மறந்தே போயிட்டேன். பண்ணாரியாத்தா பிரசாதம். இந்தாங்க மாப்ளே." தேங்காச்சில்லும் பழமும் என் மூஞ்சிக்கு நேரா நிக்குது.

சும்மா இருந்தது பீச்சாங்கை. சாமி பிரசாதத்தை அதுல எப்படி வாங்கறதுங்க?

"வாயிலயே போட்டுருங்க அத்தை."

"நல்லாருக்குதே! சின்னப் புள்ளையா நீங்க? ஆத்தாகிட்ட வாங்கறதை மரியாதையா கையில வாங்குங்க."

மச்சான் என் கையவே பாக்கறாரு. மாமியா கையை மடக்கலை. பண்ணாரியாத்தாளுக்கும் நாமக்கல் முட்டைக்கும் நடுவுல மாட்டிட்டேன். ஆத்தாகிட்ட விளையாட முடியுங்களா? சோத்துக்கையை எறக்கி, பிரசாதத்தை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்.

கயிறு கணக்கா தண்ணி எறங்குச்சு. நேரா மச்சான் நடுமண்டையில.

மச்சான் தலையைத் தொடைக்கக்கூட இல்லை. "சுகந்தி, பாத்துக்கிட்டியா? மொடா மொடாவா ஊத்துது. முட்டைக்காரருக்குச் சொல்லிரட்டுமா?"

நான் சுகந்தியப் பாக்கவே இல்லை.

அவ மெதுவா முந்தானைய வெலக்குனா. மடியில எவர்சில்வர் டம்ளரு. கழுத்து வரைக்கும் தண்ணி. அவ மடிக்கு நேரா மேல, கூரையோட வலது மூலையில இருந்து டொக்கு டொக்குன்னு அதுலயே விழுந்துட்டிருக்குது.

"ஒரு சொட்டு விழுந்தா வித்தர்றதுன்னுதான் பேச்சு அண்ணா. இது மூணாவது டம்ளரு. டம்ளருக்கு நாங்க ஒண்ணும் பேசிக்கலை." ஜன்னலைத் தள்ளி ஊத்திட்டு, டம்ளரைத் திரும்ப மடியில வெச்சுக்கிட்டா.

அப்புறம் என்னையப் பாத்து, "மூணாவது விசிலுக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க. கையை மட்டும் திருப்பி மேல வெச்சுக்கங்க, அண்ணன் நனையறாரு."